அடுத்த சீசனில் நம் அணியின் ஆஃபென்ஸ் எழுந்து நிற்குமா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். அயோவா பல்கலைக்கழக அணிக்கு, அயோவா சிட்டியின் கின்னிக் மைதானத்தில் சீசனின் முதல் ஆட்டம், எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட். அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஸ்கோர்போர்டில் 7 என்று பார்த்தால் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணி முனையின் கோட்டுக்குள் சேர்த்தால் 6 புள்ளி), அதற்குப் பின் ஒரு கூடுதல் உதை (1 புள்ளி) என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்று அப்படி இல்லை. ஒரு ஃபீல்டு கோலுக்கு, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்ததற்கு, 3 புள்ளி. மீதி 4 புள்ளியும் டிஃபென்ஸ் (தடுப்பு ஆட்டக்காரர்கள்) சம்பாதித்தது: எதிரணியை அவர்களுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே, அதாவது களத்தில் அவர்கள் முனையின் கடைசிப் பகுதியிலேயே, இரண்டு தடவை மடக்கிப் பிடித்தார்கள், தடவைக்கு 2 புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேற வேண்டிய ஆஃபென்ஸ் அன்று முழுக்க ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை.

அடுத்த ஆண்டு, 2023-ல், அயோவாவின் சராசரி ஆட்டத்துக்கு 15.4 புள்ளி. முன்னேறிய யார்டு கணக்கில் நாட்டின் உயர் பிரிவு அணிகள் 133-ல் கடைசி இடம். அதற்கும் அடுத்த ஆண்டு, 2024-ல், அதே சராசரி 27.7. முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேரில், லைன் என்பார்கள் அவர்களை, பெரும்பாலானோர் 2023-ல் நின்றவர்களே. ஒரே ஆண்டில் இது எப்படி நடந்தது, இதில் எதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியும், எதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மேற்படிப்புக்காக அமெரிக்கா போய், படித்த பல்கலைக்கழகத்தின் அணியை மனசில் ஏற்றிக்கொண்டு திரும்பியவர்கள் நம்மில் நிறைய. சனிக்கிழமை ராத்திரி கண் விழித்துப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் டிசம்பரில் ஒரு வருத்தமும் மே மாதத்தில் ஒரு நம்பிக்கையும் வரும். அந்த நம்பிக்கை பொய்யாக வேண்டியதில்லை. எந்தக் குறை ஒரு கோடையில் தீரும், எது தீராது என்று தெரிந்தால், நம்பிக்கையைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: போன சீசனின் ஆட்ட விவரப் பட்டியல், அதாவது ஒவ்வொரு டவுனிலும் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) என்ன நடந்தது என்கிற வரிசை. அணியின் அதிகாரப்பூர்வ தளத்திலேயே கிடைக்கும். இரண்டு முழு ஆட்டத்தின் பதிவு. ஒரு கோடு போட்ட நோட்டு.

முதலில் ஒரு சோதனை: நோய் ஆஃபென்ஸில்தானா?

இதைத் தாண்டிவிட்டு நேராக அறிகுறிக்குப் போகாதீர்கள். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்கிற எண்ணை மட்டும் வைத்து ஆஃபென்ஸை எடைபோட முடியாது.

இதற்கு அயோவாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2023 பிப்ரவரியில், ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அதாவது ஆஃபென்ஸின் ஆட்டத் திட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர், பிரையன் ஃபெரென்ஸின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். அவர் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரென்ஸின் மகன். புது நிபந்தனை, அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும். நாடு முழுக்க அந்த 25 பேசுபொருளானது. ஆனால் அந்த 25-ல் டிஃபென்ஸ் போட்ட டச்டவுனும் சேர்த்தி, பன்டை (முன்னேற முடியாத அணி எதிரணியிடம் தூரமாக உதைத்துவிடும் பந்து) பிடித்துக்கொண்டு ஓடிப் போட்டதும் சேர்த்தி. ஆஃபென்ஸை அளக்க வந்த கோலில் மற்றவர்கள் சம்பாதித்ததும் கலந்துவிட்டது. 2022 டிசம்பர் 31 அன்று மியூசிக் சிட்டி பவுல் என்கிற சீசன் கடைசி ஆட்டத்தில் கென்டக்கியை அயோவா 21-0 என்று வென்றதே, அந்த 21-ல் ஆஃபென்ஸின் பங்கு 7 மட்டும். மீதி இரண்டு டச்டவுனும் எதிரணி எறிந்த பந்தை டிஃபென்ஸ் பறித்துக்கொண்டு ஓடியதில் வந்தவை.

எனவே இப்படிச் செய்யுங்கள். டிஃபென்ஸும் உதை அணியும் எடுத்த புள்ளிகளைக் கழியுங்கள். மிச்சத்தை, ஆஃபென்ஸுக்குப் பந்து எத்தனை முறை கிடைத்ததோ அந்த எண்ணால் வகுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு முறை பந்து கிடைத்தால் சராசரியாக 2 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் நடுத்தரம், 3-ஐ நெருங்கினால் மிக நல்ல ஆஃபென்ஸ், 1.5-க்குக் கீழே இறங்கினால் உண்மையிலேயே நோய் இருக்கிறது. 2023-லிருந்து, பத்து யார்டு எடுத்துப் புதிதாக முதல் டவுன் கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை, ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடம் தவிர. அதனால் பந்து கிடைக்கும் தடவைகளே குறைந்துவிட்டன. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது மொத்தப் புள்ளியை வைத்துக்கொண்டு நின்றால் ஏமாந்து போவோம்.

சரி, நோய் ஆஃபென்ஸில்தான் என்று உறுதியாகிவிட்டதா? மேலே போகலாம்.

அறிகுறி: மூன்று டவுன், உடனே பன்ட், மறுபடி மூன்று டவுன், மறுபடி பன்ட்

2023-ல் அயோவாவின் பன்டர் டோரி டெய்லர், மெல்பர்னிலிருந்து வந்தவர், மொத்தம் 4,479 யார்டுக்குப் பன்ட் அடித்தார். ஒரே சீசனில் அத்தனை யார்டு அதுவரை யாரும் அடித்ததில்லை. அந்த வருஷத்தின் சிறந்த பன்டர் விருதும் அவருக்குத்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஓர் அணியின் பன்டருக்கு இத்தனை வேலை இருந்தால், அதற்குக் காரணம் ஆஃபென்ஸ்தான்.

இந்த அறிகுறி தெரிந்தால் எல்லாரும் மூன்றாவது டவுனைத் திட்டுவார்கள். "மூணாவது டவுன்ல ஒண்ணும் வர மாட்டேங்குதே!" என்பார்கள். நீங்கள் நோட்டை எடுத்து, மூன்றாவது டவுன் ஒவ்வொன்றிலும் இன்னும் எத்தனை யார்டு தேவைப்பட்டது என்று மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எண்கள் வரும். 9, 11, 8, 7, 12, 3, 10 என்று போனால் மூன்றாவது டவுனில் கோளாறு இல்லை, முதல் டவுனில் இருக்கிறது. மூன்றாவது டவுனில் 9 யார்டு எடுக்க எந்த அணியும் திணறும். 2, 4, 3, 1, 5 என்று வந்தும் தோற்கிறார்கள் என்றால் அது வேறு கதை. ஒரு யார்டுகூட ஆளைத் தள்ள முடியாத லைன், அல்லது முக்கியமான நேரத்தில் கையை விட்டு நழுவும் பந்து.

முதல் டவுன் ஆட்டம் சரியா என்று பார்க்க ஓர் எளிய அளவு உண்டு. முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுசும். இது கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி, இல்லையென்றால் தோல்வி. முதல் டவுனில் ஓடி 2 யார்டு எடுத்தால் தோல்வி என்றே எழுதுங்கள். அப்படியே இரண்டு மூன்று ஆட்டம் எழுதி முடித்துப் பாருங்கள், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்கு எதிரே தெரியும்.

அடுத்த கேள்வி, முதல் டவுனில் ஏன் கிடைக்கவில்லை? இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். ஒன்று, என்ன செய்யப்போகிறார்கள் என்பது எதிரணிக்கு முன்பே தெரிகிறது. முதல் டவுன்களில் எத்தனை ஓட்டம், எத்தனை எறிதல் என்று எண்ணுங்கள். இரண்டு டைட் எண்டு (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) நின்றால் எப்போதும் ஓட்டம்தான் என்றிருந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கே தெரிகிறதே, எதிரே நிற்கும் லைன்பேக்கருக்குத் தெரியாதா? இது புதுக் கோஆர்டினேட்டர் வந்தால் ஒரு கோடையில் தீரும். இன்னொன்று லைன். அதற்கு அடுத்து வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அறிகுறி: குவாட்டர்பேக் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறார், எறிய நேரமே இல்லை

இதுதான் முக்கியமானது. திட்டு முழுக்கப் பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்குப் போகும். வேர் பல சமயம் அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரிடம் இருக்கும்.

நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு தடவை பார்ப்பேன். இரண்டாம் தடவை பந்தைப் பார்க்கவே மாட்டேன். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் ஸ்னாப் கொடுத்த, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்த, நொடியிலிருந்து அவர் பக்கத்து இடது கார்டும் ஓரத்தில் நிற்கும் இடது டாக்கிளும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். முதல் சில தடவை கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். பழகிவிடும்.

ஒரே ஒரு டவுனை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மூன்றாவது டவுன், 8 யார்டு வேண்டும். எதிரணியில் டாக்கிளுக்கு எதிரே ஒருவர், கார்டுக்கு எதிரே ஒருவர். ஸ்னாப் ஆனதும் கார்டுக்கு எதிரே நின்றவர் நேராக வராமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து டாக்கிள்மேல் போய் விழுகிறார். அதே நேரம் வெளியே நின்றவர் அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்கிறார். இருவரும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கடக்கிறார்கள். நம் ஆட்கள் செய்ய வேண்டியது, தன்னிடம் வந்தவனைப் பக்கத்து ஆளிடம் கைமாற்றிவிட்டு, பக்கத்து ஆளிடமிருந்து வருபவனை வாங்கிக்கொள்வது. அனுபவமுள்ள ஜோடி இதைப் பேசாமலே செய்யும். டாக்கிள் ஒரு தோளால் இடித்து ஒப்படைப்பார், கார்டின் கால் அதற்குள் அங்கே போயிருக்கும். புது ஜோடி என்றால் இருவரும் ஒரே ஆளைத் துரத்துவார்கள். நடுவில் ஒரு கதவு திறக்கும். இரண்டரை நொடியில் குவாட்டர்பேக் கீழே கிடப்பார். தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பு அவர் விழுவதை மட்டும் காட்டும்.

ஓர் ஆட்டத்தில் இப்படி எத்தனை தடவை கதவு திறந்தது என்று எண்ணுங்கள். ஆள் பலத்தால் தள்ளப்பட்டுத் தோற்றது எத்தனை, பேச்சு இல்லாமல் தோற்றது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது வகை அதிகம் என்றால் சந்தோஷப்படுங்கள். மனசாரச் சொல்கிறேன். அது காலம் போனால் சரியாகும் குறை.

அயோவாவில் அதுதான் நடந்தது. 2021-ல் அவர்களுடைய சென்டர் டைலர் லிண்டர்பாம், நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது பெற்றவர். 2022-ல் அவர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போய்விட்டார், பால்டிமோர் அணி ஆள் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு வந்தவர் லோகன் ஜோன்ஸ். அதுவரை டிஃபென்ஸ் லைனில் நின்றவர், அந்த வருஷம்தான் மாறி சென்டர் வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். லைன் முழுக்கப் பேசி ஒழுங்குபடுத்த வேண்டிய இடத்தில் புது ஆள்! அந்த 7-3 ஆட்டம் அவருடைய ஆரம்ப நாள்களில் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். 2022-ம் 2023-ம் லைனுக்குக் கஷ்டகாலம். ஆனால் அந்தப் பையன்கள் கூடவே இருந்தார்கள். 2024-ல் மேசன் ரிச்மன், போ ஸ்டீவன்ஸ், லோகன் ஜோன்ஸ், கானர் கோல்பி, கெனிங்ஸ் டங்கர் என்று அனுபவம் பெற்ற ஐந்து பேர் லைனில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடிய கேலெப் ஜான்சன் 2023-ல் 463 யார்டு எடுத்தவர். 2024-ல் 1,537 யார்டு, ஓடியே 21 டச்டவுன். ஷான் கிரீன் 2008-ல் ஓடிப் போட்ட 20 டச்டவுன் என்கிற அயோவா சாதனையை முறியடித்தார். கேலெபும் முன்னேறினார்தான், அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் ஐந்து பேர் ஒரே அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்து, எதிரணியை இழுத்து, நடுவே ஒரு சந்து திறந்து கொடுக்காமல் ஒருவர் 463-லிருந்து 1,537-க்குப் போக முடியாது.

நம்பிக்கையின் அளவு: ஐந்தில் நான்கு பேர் திரும்பி வந்தால் அதிகம். மூன்று பேர் என்றால் சென்டர் அதில் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டோ அதற்கும் கீழோ என்றால், எத்தனை நட்சத்திரப் பட்டம் வாங்கிய பையன்கள் புதிதாக வந்தாலும், அக்டோபர் வரை பொறுமை வேண்டும். குவாட்டர்பேக்கையும், அவர் எறிவதைப் பிடிக்கும் ரிசீவரையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒரே கோடையில் பொருத்தலாம். ஐந்து பேர் ஒருவர் மூச்சை மற்றவர் அறிவது அப்படி வராது. என் அணியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: அடுத்தடுத்துக் காயம், பாதி சீசன் மாற்று ஆட்களோடு

2023 அயோவாவைப் பாருங்கள். மிச்சிகனிலிருந்து வந்த குவாட்டர்பேக் கேட் மெக்நமாரா ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். டைட் எண்டு லூக் லாச்சி அதற்கு முன்பே கணுக்காலில் அடிபட்டுப் போயிருந்தார். இன்னொரு டைட் எண்டு எரிக் ஆல், அவரும் மிச்சிகனிலிருந்து வந்தவர், விஸ்கான்சின் ஆட்டத்தில் முழங்கால் போய் உட்கார்ந்தார். பந்து எறிபவர், பந்து பிடிக்கும் முதல் இருவர், மூன்று பேரும் இல்லை.

இங்கே சீசனை இரண்டாக வெட்டுங்கள். காயத்துக்கு முன் எப்படி, பின் எப்படி. முன்பு நன்றாக இருந்தால் ஆட்கள் திரும்பியதும் நிமிரும். முன்பே சுமாராகத்தான் இருந்தது என்றால் காயத்தைக் காரணம் காட்டி மனசைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. முழங்கால் தசைநார் கிழிந்த குவாட்டர்பேக் அடுத்த சீசனில் ஆட வந்தாலும் பழைய காலோடு வருவார் என்று எண்ணிவிட முடியாது. 2024-ல் மெக்நமாரா திரும்பி வந்தார். ஆனால் அக்டோபர் 26 அன்று நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தின் நடுவிலேயே அவர் வெளியேற, பிரெண்டன் சல்லிவன் கையில் பந்து போனது. அன்று அயோவா 40-14 என்று ஜெயித்தது. மெக்நமாராவுக்காக வருத்தப்பட்டேன். அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

அறிகுறி: புதுக் கோஆர்டினேட்டர் வந்திருக்கிறார், ஊர் முழுக்க ஒரே உற்சாகம்

இது நோயா என்றால் இல்லை. ஆனால் தப்பாக எடைபோடப்படுவது இதுதான் அதிகம், அதனால் இங்கே வைக்கிறேன்.

எல்லாரும் எடுத்துக்காட்டுவது எல்.எஸ்.யூ., அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி. 2018-ல் அவர்களுக்கு ஆட்டத்துக்கு 32.4 புள்ளி. குவாட்டர்பேக் ஜோ பரோ 16 டச்டவுன் எறிந்தார். 2019-ல் என்.எஃப்.எல். அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து 29 வயதுக்காரர் ஜோ பிரேடியை எறிதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாகக் கொண்டுவந்தார்கள். அந்த சீசன் 48.4 புள்ளி, பரோ எறிந்தது 60 டச்டவுன், அணி ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி, தேசியப் பட்டம். ஒரே ஆள் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்றே கதை போகும்.

பிரேடி கொண்டுவந்தது பெரிய விஷயம், சந்தேகமில்லை. ரிசீவர்களைக் களம் முழுக்க விரித்துப் போட்டு, டிஃபென்ஸ் எங்கே ஆள் குறைவாக இருக்கிறதோ அங்கே பந்தை அனுப்புகிற முறை. ஆனால் அந்த ஆள்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஜா'மார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன், கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலைர், எல்லாரும் 2018 அணியிலேயே இருந்தவர்கள். ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் மாறவே இல்லை. அறிகுறியும் முன்பே தெரிந்தது. 2019 ஜனவரி 1, ஃபியெஸ்டா பவுலில் யூ.சி.எஃப். (சென்ட்ரல் ஃபுளோரிடா) அணியோடு ஆடும்போது, எறிந்த பந்தைப் பறிகொடுத்துப் பலமாக இடி வாங்கிக் கீழே விழுந்தார் பரோ. எழுந்து வந்து 4 டச்டவுன் எறிந்தார், 394 யார்டு. எல்.எஸ்.யூ. 40-32 என்று ஜெயித்தது. அந்தக் கடைசி ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்தவர்களுக்கு அடுத்த சீசன் பற்றி ஆகஸ்டில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரில் டெக்ஸஸுக்கு எதிரான ஆட்டம். எல்.எஸ்.யூ. ஆறு புள்ளி முன்னிலை, இரண்டரை நிமிடம்தான் மிச்சம். மூன்றாவது டவுன், 17 யார்டு வேண்டும். பழைய எல்.எஸ்.யூ. என்றால் பந்தைக் கையில் வைத்து ஓடி, நேரத்தைக் கரைத்து, பன்ட் அடித்திருக்கும். டெக்ஸஸ் ஆட்களை அதிகமாக அனுப்பித் தாக்கியது. பரோ ஒரு அடி ஒதுங்கி, விழப்போகும் நேரத்தில் ஜெஃபர்சனிடம் விட்டார். 61 யார்டு, டச்டவுன். 45-38 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் அந்த ஒரு டவுனைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பயிற்சியாளர்களின் துணிச்சலும் ஆட்களின் திறமையும் ஒரே புள்ளியில் சந்தித்த இடம் அது.

2020-ல் பரோ என்.எஃப்.எல்.லில், பிரேடியும் என்.எஃப்.எல்.லில், சேஸ் ஆடவே இல்லை. எல்.எஸ்.யூ.வுக்கு 5 வெற்றி, 5 தோல்வி.

அதனால் புதுக் கோஆர்டினேட்டர் என்றதும் மூன்று கேள்வி கேளுங்கள். அவருடைய முறைக்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்களா? ஒவ்வொரு டவுனிலும் என்ன ஆடுவது என்று முடிவு செய்வது அவரா, தலைமைப் பயிற்சியாளர் தோளுக்குப் பின்னால் நிற்கிறாரா? லைன் வேலையை அடியோடு மாற்றுகிறாரா, இருப்பதன்மேல் கட்டுகிறாரா? அயோவாவுக்கு 2024-ல் வந்த டிம் லெஸ்டர் மூன்றாவது கேள்விக்குச் சரியான விடை. லைன் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டத்துக்கு வழி திறக்கும் முறை கிர்க் ஃபெரென்ஸ் காலத்திலேயே அங்கே ஊறிப்போனது. அவரே லைன் பயிற்சியாளராக இருந்தவர்தானே. லெஸ்டர் அதைக் கலைக்கவில்லை. ஸ்னாப்புக்கு முன் ஆட்களை இங்குமங்கும் நகர்த்தி, எதிரணியின் கண்ணை ஒரு நொடி திசைதிருப்பினார். அந்த ஒரு நொடி கேலெப் ஜான்சனுக்குப் போதுமானதாக இருந்தது. எறிதல் ஆட்டம் அந்த அளவுக்கு எழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கோடையில் பாதி வீடுதான் கட்ட முடிந்தது.

அறிகுறி: கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார்கள்

எதிரணியின் கோல் கோட்டிலிருந்து 20 யார்டுக்குள் போய்விட்டு ஃபீல்டு கோலோடு திரும்புவது மனசை வதைக்கும். ஆனால் களத்தின் நடுவில் நன்றாக ஆடும் அணிக்கு இது பெரும்பாலும் அடுத்த சீசனில் தானாகச் சரியாகும். சீசன் முழுக்கக் கொஞ்சம் தடவைதான் நடப்பதால் எண்ணிக்கை சின்னது, அதிர்ஷ்டம் விளையாடும். மேலே சொன்ன வெற்றி-தோல்விக் கணக்கு நன்றாக இருந்து இது மட்டும் மோசம் என்றால் நம்பிக்கையோடு இருங்கள்.

அறிகுறி: பந்தைத் தவறவிட்டே தோற்றோம்

கீழே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறத்தாழ காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஒரு சீசன் முழுக்க எதிரணிக்கே போனது என்றால் அடுத்த சீசனில் பாதியாவது திரும்பும். எறிந்து பறிகொடுப்பது அப்படியில்லை. எங்கே எறிந்தார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரிசீவர் கையில் பட்டு எகிறியதா, இரண்டு பேர் நடுவில் கண்ணை மூடி எறிந்ததா? முதலாவதை மறந்துவிடலாம். இரண்டாவது அதே குவாட்டர்பேக்கோடு அடுத்த சீசனுக்கும் வரும்.

அறிகுறி: சராசரி நன்றாக இருக்கிறது, பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறார்கள்

27.7 என்று மேலே சொன்னேன் அல்லவா, அதைப் பிரித்துப் பாருங்கள். 2024-ல் அயோவா நான்கு ஆட்டங்களில் 40-ம் அதற்கு மேலும் போட்டது: இல்லினாய் ஸ்டேட்டுக்கு எதிராக 40, வாஷிங்டனுக்கு எதிராக 40, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 40, விஸ்கான்சினுக்கு எதிராக 42. ஓஹையோ ஸ்டேட்டுக்குப் போனபோது 7. யூ.சி.எல்.ஏ.யிடம் 17, நெப்ராஸ்காவோடு 13. ஓட்டம் கிடைத்த நாளில் வெள்ளம், கிடைக்காத நாளில் வறட்சி. எறிந்து தப்பிக்க வழி இல்லாத ஆஃபென்ஸின் உருவம் இதுதான். அந்தச் சீசனுக்குப் பிறகு உற்சாகத்தில் மிதக்காமல், குவாட்டர்பேக் வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் சரியாகப் படித்தவர்கள்.

உங்கள் அணியின் ஆட்டங்களை எதிரணியின் டிஃபென்ஸ் தரத்தை வைத்து மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியுங்கள். மேல் பாதியில் ஒரு முறை பந்து கிடைத்தால் எத்தனை புள்ளி என்று பாருங்கள். அந்த எண்தான் அடுத்த சீசனின் உண்மையான தொடக்கம்.

அறிகுறி: பாதிப் பேர் போர்ட்டலில் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பதிவு) போய்விட்டார்கள், புது முகங்கள் வந்திருக்கின்றன

போனவர்களை எண்ணாதீர்கள், அவர்கள் ஆடிய டவுன்களை எண்ணுங்கள். பத்துப் பேர் போயிருக்கலாம், எல்லாரும் பெஞ்சில் இருந்தவர்கள். இரண்டே பேர் போயிருக்கலாம், அதில் ஒருவர் இடது டாக்கிள்.

வருபவர்களில் குவாட்டர்பேக்கைப் பற்றி ஒன்று. சின்ன பிரிவிலிருந்து வருகிறார் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். எத்தனை ஆட்டம் தொடங்கினார், நெருக்கடியில் என்ன செய்தார் என்று பாருங்கள். 2025 ஜனவரியில் அயோவாவுக்கு மாறி வந்த மார்க் கிரோனோவ்ஸ்கி, சவுத் டகோட்டா ஸ்டேட்டோடு இரண்டு தேசியப் பட்டம் வென்றவர், 2023-ல் அந்தப் பிரிவின் உயர்ந்த விருதான வால்டர் பேட்டன் விருதையும் வாங்கியவர். ஆரம்பத்தில் சொன்னேனே, 7-3 ஆட்டம், அன்று எதிரே நின்ற குவாட்டர்பேக் அவர்தான். வந்த உடனே தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை, வசந்தகாலப் பயிற்சியில் ஆட முடியவில்லை. புது ஆள் வசந்தகாலத்தைத் தவறவிட்டால் ரிசீவர்களோடு பழகும் காலம் குறையும். அதைக் கணக்கில் வையுங்கள்.

வசந்தகாலப் பயிற்சியை எப்படிப் படிப்பது

மொத்தம் 15 நாள் பயிற்சி. கடைசியில் பல அணிகள் காட்சி ஆட்டம் ஆடும். அதில் குவாட்டர்பேக்குக்கு வேறு நிறச் சட்டை, யாரும் அவரைத் தொட மாட்டார்கள். அதனால் அன்று அவர் எறிந்த 50 யார்டு பந்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் வரிசை லைனில் ஐந்து பேரும் ஒன்றாக நிற்கிறார்களா, ஆள் மாறி மாறி வருகிறார்களா என்று பாருங்கள். மார்ச்சில் ஐந்து பெயர் உறுதியாகிவிட்டால் எனக்கு அதுவே நல்ல சேதி.

அப்புறம் சீசன் தொடங்கும். முதல் ஆட்டம் பலவீனமான அணியோடு இருக்கும், 40 புள்ளி வரும், எல்லாரும் கத்துவார்கள். நீங்களும் கத்துங்கள், தப்பே இல்லை. கூடவே நோட்டில் மூன்றாவது டவுனின் தூரத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். கின்னிக்கில் முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானத்தில் இருக்கும் ஏறத்தாழ 70,000 பேரும், இரு அணி ஆட்டக்காரர்களும், பக்கத்தில் உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மேல் மாடி ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பிக் கை அசைப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளும் அசைப்பார்கள். 2017-லிருந்து நடக்கிறது. அந்த நேரத்தில் நோட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அது முடிந்து இரண்டாம் கால்பகுதி தொடங்குவதற்குள் எழுதியதை ஒரு பார்வை பாருங்கள். 3, 5, 2, 4 என்று இருந்தால் இந்த வருஷம் ராத்திரி கண் விழிக்கலாம்.